செயின்ட் பாங்க்ரஸ் மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல்: தோற்றதும் தப்பியதும் ஒரே காரணத்தாலா?

செங்கல்நேசன்:

லண்டன் யூஸ்டன் சாலையில், செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் முன்னால் நிற்கும் செந்நிறக் கட்டடத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கூர்மாடங்களும் மணிக்கூண்டுமாக இருப்பதால் அரண்மனை என்பார்கள் சிலர், தேவாலயம் என்பார்கள் சிலர். அது ரயில்வே கம்பெனி ஒன்று பயணிகளுக்காகக் கட்டிய ஹோட்டல். மிட்லண்ட் கிராண்ட் என்று பெயர். 1873 மே 5 அன்று திறந்தார்கள், 1935-இல் மூடினார்கள். ஹோட்டலாக நடந்தது 62 வருடம். அதற்குப் பிறகு 76 வருடம் ஹோட்டலாக இல்லாமலே நின்றுவிட்டு, 2011-இல் மறுபடியும் ஹோட்டலாகியிருக்கிறது.

இந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு, அதை இங்கே வைக்கிறேன். எந்தக் குணத்தால் அது ஹோட்டலாகத் தோற்றதோ அதே குணத்தால்தான் கட்டடமாகத் தப்பியது என்று நினைக்கிறேன். கட்டிய விதம் அப்படி.

முதலில் கதைச் சுருக்கம். மிட்லண்ட் ரயில்வேயின் தலைமையிடம் டெர்பி நகரம். லண்டனுக்குள் அவர்களுக்குச் சொந்தப் பாதை கிடையாது. 1858 முதல் இன்னொரு கம்பெனியின் பாதையில் கட்டணம் செலுத்தி கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வந்து போனார்கள். 1862-இல் லண்டனில் சர்வதேசப் பொருட்காட்சி நடந்தபோது கூட்டம் அலைமோதியது. பாதைக்குச் சொந்தக்காரர் தன் வண்டியைத்தானே முதலில் அனுப்புவார்? மிட்லண்ட் வண்டிகள் வழியில் காத்துக் கிடந்தன. போதும் இந்த இரவல் பாதை என்று முடிவெடுத்து, 1863-இல் பாராளுமன்றத்தில் சட்டம் வாங்கி, பெட்ஃபோர்டிலிருந்து லண்டனுக்குச் சொந்தப் பாதை போட்டார்கள். நிலையம் 1868 அக்டோபர் 1 அன்று திறந்தது.

ஹோட்டலுக்கு 1865-இல் வடிவமைப்புப் போட்டி வைத்து 11 கட்டடக் கலைஞர்களை அழைத்தார்கள். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் முதலில் தயங்கினார், அப்புறம் ஒப்புக்கொண்டார். மகனுக்கு உடல்நலமில்லாமல் ஹேலிங் தீவில் தங்கியிருந்த சில வாரங்களில் வரைந்து முடித்தார். கேட்டதைவிடப் பெரியது, மற்ற எல்லாருடையதையும்விடச் செலவு கூடியது. இருந்தும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். 1866-இல் லண்டன் பணச்சந்தை ஆட்டம் கண்டபோது சிக்கனம் பார்க்கும்படி சொல்லி வரைபடத்தைக் கொஞ்சம் குறைக்க வைத்தார்கள். அப்படியும் மேற்குப் பகுதி வரை முழுதும் முடிய 1876 ஆனது. மொத்தச் செலவு ஏறத்தாழ 4,38,000 பவுண்டு. அக்காலத்தில் ஒரு ஹோட்டலுக்கு இது பெருந்தொகை.

ஸ்காட் தீ பரவாத கட்டுமானம் வேண்டும் என்றார். இரும்பு உத்தரம், கான்கிரீட் தளம், கனத்த செங்கல் சுவர். அறைகள் சுமார் 300. குளியலறைகளோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு அது குறையே இல்லை. பணியாட்கள் அறைக்கே தொட்டி கொண்டுவந்து வெந்நீர் ஊற்றுவார்கள், கணப்புக்கு நிலக்கரி சுமப்பார்கள், அழுக்கு நீரைத் திரும்ப எடுத்துப் போவார்கள். முப்பது வருடம் கழிந்ததும் நிலைமை மாறிவிட்டது. புது ஹோட்டல்களில் அறைக்குள்ளேயே குளியலறை. இங்கே ஒரு குழாய் இழுக்க வேண்டுமென்றால் கான்கிரீட்டை உடைக்க வேண்டும், சுவரைக் குடைய வேண்டும். கட்டுப்படியாகவில்லை. வேலையாள் கூலி ஏறிக்கொண்டே போனது, விருந்தினர் குறைந்துகொண்டே போனார்கள். 1935-இல் கதை முடிந்தது.

அதே கான்கிரீட்தான், யாரும் சரியாகக் கவனிக்காமல் விட்ட அத்தனை வருடமும் கட்டடத்தை விழாமல் வைத்திருந்தது. மரத்தளம் போட்டிருந்தால் கூரை ஒழுகிய பத்து வருடத்தில் உளுத்துப் போயிருக்கும். உங்கள் கருத்து என்ன?


வளைகூரை:

தம்பி, நல்ல இழை. நான் பாலம் கட்டும் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஹோட்டலைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பதால் பின்னால் இருக்கும் கூரையையும் சொல்கிறேன்.

பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ. கூரையின் நுணுக்கக் கணக்குகளில் உதவியவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். அகலம் 240 அடி, நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. உயரம் சுமார் 100 அடி, நீளம் ஏறத்தாழ 690 அடி. கட்டிய காலத்தில் உலகிலேயே பெரிய ஒற்றை வளைவுக் கூரை அதுதான், அந்தப் பெயர் பல வருடம் நிலைத்தது.

தூண் வேண்டாம் என்றது அழகுக்காக அல்ல. நிலையத்துக்கு வடக்கே ரீஜண்ட் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. அதற்கு அடியில் போவதா, மேலே போவதா என்று கேள்வி வந்தது. பக்கத்து கிங்ஸ் கிராஸ் பாதை கால்வாய்க்கு அடியில் போகிறது. பார்லோ மேலே போனார். அதனால் நடைமேடை சாலை மட்டத்தைவிட ஏறத்தாழ 20 அடி உயரத்தில் வந்து நின்றது. அந்த 20 அடியை மண் கொட்டி நிரப்பலாம் என்றிருந்தார்கள். வீணாக மண் எதற்கு, கிடங்காக வைத்து வாடகைக்கு விடலாமே என்று யோசனை வந்தது. மிட்லண்ட் ரயில்வேக்குப் பெரிய வரும்படி பர்ட்டன் நகரத்து பீர். ஆக, கீழ்த்தளம் பீர்க் கிடங்கானது. வார்ப்பிரும்புத் தூண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை பீர்ப் பீப்பாயின் அளவை வைத்தே முடிவு செய்தார்கள். இதை பார்லோவே பதிவு செய்திருக்கிறார். பீப்பாய் ஏற்றிய வண்டிகளை நீரழுத்தத்தில் இயங்கும் லிஃப்ட் போன்ற ஓர் இறக்கி மூலம் மேலிருந்து கீழே கொண்டுபோனார்கள். மின்சாரம் கிடையாது, நீரின் அழுத்தம் மட்டும்.

இப்போது கூரைக்கு நடுத்தூண் வைத்தால் அது கீழ்க்கிடங்கைத் துளைத்துக்கொண்டு அஸ்திவாரம் வரை இறங்க வேண்டும். கிடங்கின் அமைப்பு கெடும். அதோடு நிலத்துக்கு அடியில் வேறொரு ரயில் பாதையும் வளைந்து போகிறது. எனவே ஒரே வளைவு.

வளைவு என்றால் கால்கள் வெளியே விரியப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்க ஓர் இழுகம்பி வேண்டும். வழக்கமாக அது தலைக்கு மேல் குறுக்கே ஓடும். பார்லோவிடம் ஏற்கெனவே நடைமேடைத் தளம் இருந்தது, இரும்பு உத்தரங்கள் 240 அடி அகலத்துக்கும் குறுக்கே ஓடின. வளைவின் காலை அவற்றோடு பிணைத்துவிட்டார். வண்டி நிற்கும் தரையே இழுகம்பி. அதனால்தான் மேலே பார்த்தால் எதுவும் குறுக்கிடாமல் வானம் மாதிரித் திறந்து கிடக்கிறது. நான் பார்த்த வடிவமைப்புகளில் இதற்கு இணையாக ஒன்றிரண்டைத்தான் சொல்வேன்.


நேர்கோடு:

வளைகூரை ஐயா சொன்னதை அப்படியே என் வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நானும் கட்டடக் கலைஞன்தான். செயின்ட் பாங்க்ரஸில் மேதைமை முழுக்கப் பின்னால் இருக்கிறது. முன்னால் இருப்பது அந்த மேதைமையை மறைக்கும் திரை.

பக்கத்திலேயே கிங்ஸ் கிராஸ் இருக்கிறது, 1852, லூயிஸ் கியூபிட் வடிவமைத்தது. உள்ளே இரண்டு வளைவுக் கூரை. முகப்பில் இரண்டு பெரிய வளைவு, நடுவே ஒரு கடிகாரம். உள்ளே என்ன இருக்கிறதோ அதை வெளியே சொல்கிறது. ஹோட்டலைத் தனியாக, பக்கத்தில், அடக்கமாகக் கட்டினார்கள். கிரேட் நார்தர்ன் ஹோட்டல், 1854, அதே கியூபிட். ரயில் நிலையம் ரயில் நிலையமாக இருந்தது, ஹோட்டல் ஹோட்டலாக இருந்தது.

ஸ்காட்டின் முகப்பைப் பார்த்து அதன் பின்னால் 240 அடி இரும்பு வளைவு இருக்கிறது என்று யாராவது ஊகிக்க முடியுமா? இத்தாலியிலிருந்து கொஞ்சம், ஃபிளாண்டர்ஸ் நகர மன்றங்களிலிருந்து கொஞ்சம், இங்கிலாந்துப் பேராலயங்களிலிருந்து கொஞ்சம். 13-ஆம் நூற்றாண்டு ஆடையைப் போட்டுக்கொண்ட 19-ஆம் நூற்றாண்டு வியாபாரம். அதில் கலை இல்லை என்று சொல்லவில்லை. நேர்மை இல்லை என்கிறேன்.


தேம்ஸ்கரைத் தமிழச்சி:

நேர்கோடு அண்ணா, நீங்கள் சொல்வது படத்தில் பார்த்தால் பொருந்தும். நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பக்கம் இறங்கி ஏறுகிறவள். நேரில் பார்க்கும்போது வேறு சில விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, சாலையின் வளைவு. மனை சதுரமாக இல்லை. மேற்கு முனையில் கட்டடம் சாலையோடு சேர்ந்து வளைகிறது. அந்த வளைவில்தான் பழைய உணவுக்கூடம், அதன் சுவரும் உள்ளே வில்லாக வளைந்து போகிறது. கிழக்கு முனையில் மணிக்கூண்டு, 82 மீட்டர் உயரம். மேற்கில் அதைவிடக் குறைந்த இன்னொரு கோபுரம். இரண்டும் ஒரே மாதிரி இல்லை, ஒரே உயரமும் இல்லை. நடந்து போகப் போகக் கூரை வரிசை மாறிக்கொண்டே வரும். எந்த இடத்தில் நின்றாலும் முழுதாகப் பிடிபடாது.

இரண்டாவது, பொருட்கள். செங்கல் நாட்டிங்ஹாமிலிருந்து எட்வர்ட் கிரிப்பர் சூளையில் சுட்டது. நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் சேர்த்து சுமார் 6 கோடி செங்கல் என்பார்கள். வெளிர்நிறக் கல் ஆன்காஸ்டர், கெட்டன் ஊர்களிலிருந்து. செந்நிற மணற்கல் மான்ஸ்ஃபீல்டிலிருந்து. கூரைப் பலகைக்கல் லெஸ்டர்ஷயரிலிருந்து. கூரையின் இரும்பு டெர்பிஷயரின் பட்டர்லி கம்பெனியில் செய்தது, வளைவின் அடியில் அந்தக் கம்பெனிப் பெயரையும் 1867 என்ற ஆண்டையும் இன்றும் படிக்கலாம். இவையெல்லாம் மிட்லண்ட் ரயில் ஓடும் ஊர்கள். லண்டன்காரர்கள் வழக்கமாகக் கட்டும் மங்கல் மஞ்சள் செங்கல்லுக்கு நடுவில், தங்கள் பாதை எந்த ஊர்களைத் தொடுகிறது என்று செங்கல்லாலும் கல்லாலும் காட்டியிருக்கிறார்கள். உள்ளே இருப்பதை வெளியே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். இதுவும் ஒரு வகையில் சொல்வதுதானே?


மாட்டுங்காக்காரன்:

மும்பையிலிருந்து ஒரு குரல். இந்தக் கட்டடத்துக்கு நம் பக்கம் நெருங்கிய உறவு உண்டு.

சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ், பழைய பெயர் விக்டோரியா டெர்மினஸ், 1878-இல் தொடங்கிப் பத்து வருடத்தில் கட்டி முடித்தார்கள். வடிவமைத்த ஃபிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் அதற்கு முன் ஐரோப்பா போய்ப் பெரிய ரயில் நிலையங்களைப் பார்த்துவிட்டு வந்தார். செயின்ட் பாங்க்ரஸின் சாயல் எங்கே என்று யாரும் சுட்டிக்காட்டத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். ஆனால் நகல் இல்லை. நடுவில் பெரிய குவிமாடம், சுவரெங்கும் நம் ஊர் விலங்கும் பறவையும் இலையும். செதுக்கியதில் மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களுக்குப் பெரிய பங்கு. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஸ்காட்டின் கையே பட்ட கட்டடமும் இங்கே இருக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபம், நூலகம், ராஜாபாய் மணிக்கூண்டு, மூன்றும் அவர் வரைந்தவை. மணிக்கூண்டு முடிந்தது 1878-இல், அவர் இறந்ததும் அதே வருடம். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. லண்டனில் உட்கார்ந்து வரைந்து அனுப்பினார்.

ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். மும்பைக் கட்டடம் ரயில்வே அலுவலகமாகக் கட்டப்பட்டது, இன்றும் ரயில்வே அலுவலகமாகவே இருக்கிறது. கட்டிய வேலையை அது விடவே இல்லை. லண்டனில் அலுவலகத்துக்குப் பதில் ஹோட்டல் வைத்தார்கள். செங்கல்நேசன் சொல்லும் சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அலுவலகத்துக்கு நாற்காலியும் மேசையும் போதும். ஹோட்டலில் தலைமுறைக்கு ஒரு முறை வசதி என்பதன் அளவுகோலே மாறிவிடுகிறது.


செங்கல்நேசன்:

மாட்டுங்காக்காரன், இது நான் யோசிக்காத கோணம். ரொம்பச் சரி. 1935-க்குப் பிறகு லண்டன் கட்டடமும் ரயில்வே அலுவலகமாகத்தான் ஓடியது. செயின்ட் பாங்க்ரஸ் சேம்பர்ஸ் என்று பெயர் மாற்றி, அறைகளில் கோப்புகளை அடுக்கினார்கள். அந்த வேலையை ஐம்பது வருடம் தாங்கியது.

ரயில்வே ஹோட்டல் என்ற ஏற்பாடு ஏன் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்வோம். லண்டனில் ரயில் வந்த புதிதில், இரவில் இறங்குகிறவர்கள் தங்குவதற்கு நல்ல இடமில்லை. 1839-இல் யூஸ்டன் நிலையத்தின் அருகே ஹோட்டல் திறந்தார்கள். பிறகு ஒவ்வொரு கம்பெனியும் போட்டி போட்டது. பாடிங்டனில் 1854, சேரிங் கிராஸில் 1865. மிட்லண்ட் இந்தப் பந்திக்குத் தாமதமாக வந்த கம்பெனி. தாமதமாக வந்தவர்கள் எல்லாரையும் மிஞ்ச வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை.

அந்தக் காலத்தின் கண்ணோடு பார்த்தால் மிட்லண்ட் கிராண்ட் பழமைவாதக் கட்டடமே அல்ல. நீரழுத்தத்தில் இயங்கும் லிஃப்ட்கள் தொடக்கத்திலேயே இருந்தன. 1899-இல் சுழல்கதவு வைத்தார்கள், பிரிட்டனில் அதுதான் முதல் என்று சொல்வார்கள். பெண்கள் புகைபிடிக்கத் தனிக்கூடம் வைத்திருந்தார்கள். மரியாதைக்குரிய குடும்பத்துப் பெண் பொது இடத்தில் புகைபிடிப்பது என்பதே அன்றைக்குப் பேசக்கூடாத விஷயம். கட்டியபோது அது நாளைய ஹோட்டல். நாளை வேறு பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

மேலாளராக இருந்த வில்லியம் டவுல் மிட்லண்ட் ரயில்வேயின் எல்லா ஹோட்டல்களையும் பிற்பாடு நிர்வகித்தார். 1903-இல் மான்செஸ்டரில் அவர்களே மிட்லண்ட் ஹோட்டலைக் கட்டினார்கள். லண்டனில் செய்ய முடியாத நவீன வசதிகள் எல்லாம் அங்கே போயின. ஒரே கம்பெனி, ஒரே நிர்வாகம், முப்பது வருட இடைவெளி.


பழைய பக்கம்:

கான்கிரீட் காப்பாற்றியது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கான்கிரீட்டை உடைக்க இயந்திரம் உண்டு. 1960-களில் பிரிட்டனில் அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

பக்கத்து யூஸ்டன் நிலையத்தைப் பாருங்கள். அதன் முன்னால் பெரிய கல் தோரணவாயில் ஒன்று 1830-களிலிருந்து நின்றது. கல் கட்டடம், உறுதிக்குக் குறைவே இல்லை. 1961-இல் இடிக்கத் தொடங்கி அடுத்த வருடம் தரைமட்டமாக்கிவிட்டார்கள். எத்தனையோ பேர் எதிர்த்தும் நடக்கவில்லை. உறுதி யாரையும் காப்பாற்றாது.

அந்தத் தோரணவாயில் போனதுதான் செயின்ட் பாங்க்ரஸைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. 1966-இல் பிரிட்டிஷ் ரயில்வே கிங்ஸ் கிராஸையும் செயின்ட் பாங்க்ரஸையும் ஒன்றாக்கும் திட்டத்தோடு வந்தபோது, எதிர்ப்பவர்கள் தயாராக இருந்தார்கள். 1958-இல் தொடங்கிய விக்டோரியன் சொசைட்டி, அதன் தலைவர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர், கவிஞர் ஜான் பெட்ஜமன். விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே அழுக்கு, அசிங்கம் என்று எண்ணிய காலம் அது. அதற்கு அழகு உண்டு என்று முதலில் மக்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. 1967 நவம்பரில் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு மேல் இடிக்க முடியவில்லை.

பெட்ஜமனின் வெண்கலச் சிலை இன்று நிலையத்துக்குள்ளே இருக்கிறது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு பார்லோவின் கூரையை அண்ணாந்து பார்க்கிற மாதிரி. மார்ட்டின் ஜென்னிங்ஸ் செய்தது.

பட்டியலில் சேர்த்ததோடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1980-களில் தீயணைப்புப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று அலுவலகத்தையும் காலி செய்தார்கள். தீ பரவாத கட்டடம் என்று பெயர் வாங்கியது, தீ விதிகளால் காலியானது! தளம் தீப்பிடிக்காது. ஆனால் ஆட்கள் தப்பிக்கும் வழி என்பது வேறு கணக்கு. பிறகு இருபது வருடத்துக்கு மேல் வெறுமனே கிடந்தது. 1990-களில் வெளிப்புறத்தை மட்டும் சீர்செய்தார்கள்.


செங்கல்நேசன்:

யூஸ்டன் உதாரணம் வலுவானது. இருந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பேன். 1967-இல் சட்டம் காப்பாற்றியது உண்மை. அதற்கு முன்னால் 32 வருடம்? அதற்கும் முன்பே, 1918 பிப்ரவரியில், ஜெர்மன் விமானக் குண்டு இந்த நிலையத்தின் மேல் விழுந்து 20 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப்போரிலும் குண்டு விழுந்தது. பராமரிப்புச் செலவில்லாமல், குறைந்த காசில், அலுவலகமாக ஓட்ட முடிந்ததால்தான் இடிக்கும் அவசரம் வரவில்லை. பெட்ஜமன் பேச வரும்போது பேசுவதற்கு ஒரு கட்டடம் அங்கே நின்றுகொண்டிருந்தது. அதைத்தான் சொல்கிறேன்.


வளைகூரை:

பழைய பக்கம் சொல்வதற்கு இன்னொன்றைச் சேர்க்கிறேன். இடிப்பு, காப்பு என்று பேசும்போது, இந்தக் கட்டடம் வருவதற்கு எதை இடித்தார்கள் என்பதையும் பேச வேண்டும். ஏகர் டவுன், சோமர்ஸ் டவுன் என்ற ஏழைக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். வாடகைக் குடியிருப்பாளர்கள், ஆகவே நட்ட ஈடு கிடையாது. வீட்டுக்காரருக்குத்தான் பணம். வீதி வீதியாக இடித்துத் தள்ளினார்கள்.

செத்தவர்களையும் விடவில்லை. பாதை பழைய செயின்ட் பாங்க்ரஸ் தேவாலயத்தின் இடுகாட்டு வழியாகப் போனது. தோண்டி எடுத்த எலும்புகளை முறையாக வேறிடத்தில் புதைக்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்க ஓர் இளம் கட்டடக்கலை உதவியாளரை இரவில் அனுப்பினார்கள். அவர் பெயர் தாமஸ் ஹார்டி. பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியராக உலகம் அறிந்தவர்.

இதைச் சொல்வது கட்டடத்தைக் குறைத்துப் பேச அல்ல. அந்தச் சிவப்பு முகப்பின் கீழே யாருடைய வீடு இருந்தது என்பதும் அதன் வரலாறுதான்.


நேர்கோடு:

நன்றி ஐயா. இதற்கு இன்றைய தொடர்ச்சியும் உண்டு. 2011-இல் என்ன நடந்தது? மேல்தளங்களையும் மணிக்கூண்டையும் 67 அடுக்ககங்களாக்கி விற்றார்கள். ஹோட்டலில் 245 அறை. அவற்றில் பெரும்பகுதி பழைய கட்டடத்தில் இல்லை, மேற்குப் பக்கம் புதிதாகக் கட்டிய சிறகில் இருக்கிறது. பழைய பகுதியில் நாற்பதுக்கும் குறைவு. ஆக, பொதுப்பணத்தில் சட்டம் காப்பாற்றிய கட்டடத்தின் மிக அழகான பகுதியில் வசதியுள்ளவர்கள் மட்டுமே தூங்க முடியும். இதை மீட்பு என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

பழைய பகுதியில் ஏன் அவ்வளவு குறைந்த அறை என்று கேட்டால் செங்கல்நேசன் சொன்ன அதே பதில்தான். குழாய் இழுக்க முடியாது. 138 வருடம் கழித்தும் கான்கிரீட் விட்டுக்கொடுக்கவில்லை.


தேம்ஸ்கரைத் தமிழச்சி:

அண்ணா, அடுக்ககம் பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பணம் வராமல் உள்ளே சீர்செய்திருக்க முடியாது என்பதும் நிஜம். அரசு, ரயில்வே, யாருமே இருபது வருடம் கை வைக்கவில்லை. 1996 வாக்கில் சானல் சுரங்க ரயிலை இங்கே கொண்டுவருவது என்று முடிவானதால்தான் கட்டடத்துக்கு ஆள் கிடைத்தது. 2007 நவம்பரில் யூரோஸ்டார் வாட்டர்லூவை விட்டு இங்கே மாறியது. பாரிஸ் வண்டிகள் 400 மீட்டர் நீளம், பார்லோவின் கூரை 210 மீட்டர்தான். அதனால் வடக்கே தட்டையான புதுக்கூரை போட்டு நீட்டினார்கள். பழைய கூரையை மூலத்தில் இருந்த வெளிர்நீலத்துக்கே திரும்ப வண்ணம் தீட்டினார்கள். பீர்ப் பீப்பாய் உருண்ட கீழ்த்தளத்தில் இன்று பயணிகள் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்கிறார்கள், கடைகள் இருக்கின்றன. நடைமேடைத் தரையில் நீளமாகத் திறப்பு வெட்டியிருப்பதால் கூரை வழியாக வரும் வெளிச்சம் அங்கே வரை இறங்குகிறது.

ஹோட்டல் 2011 மார்ச்சில் விருந்தினருக்குத் திறந்தது, முறையான திறப்பு விழாவை மே 5 அன்று வைத்தார்கள். முதலில் திறந்த அதே தேதி.

அறைக்குக் காசு கொடுக்காமலும் பார்க்கக் கூடியது நிறைய இருக்கிறது. குதிரை வண்டிகள் வந்து நின்ற இடத்துக்கு மேலே கண்ணாடிக்கூரை போட்டு வரவேற்புக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். பழைய டிக்கெட் அலுவலகம் மதுக்கூடமாகிவிட்டது. மரவேலைப்பாடு கொண்ட அந்தக் கூடத்தின் சுவரில், உத்தரம் தாங்கும் கற்களில் ரயில்வே ஊழியர்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள், இஞ்சினைக் கையில் பிடித்த ஓட்டுநர் உட்பட. தேவாலயமாக இருந்தால் அந்த இடத்தில் புனிதர்கள் இருந்திருப்பார்கள். ஸ்காட் வாழ்நாள் முழுக்கத் தேவாலயம் கட்டியவர், புனிதர் இடத்தில் ஓட்டுநரை வைத்திருக்கிறார். நேர்கோடு அண்ணா கேட்ட நேர்மைக்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியவில்லை.


மாட்டுங்காக்காரன்:

இதைக் கேட்டதும் மும்பை நிலையத்தின் தூண் தலைப்புகள் நினைவுக்கு வந்தன, அவை பற்றித் தனியாக எழுத வேண்டும். படிக்கட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? படங்களில் பார்த்து மயங்கியிருக்கிறேன்.


செங்கல்நேசன்:

படிக்கட்டைப் பற்றித்தான் கடைசியாக எழுத நினைத்திருந்தேன், நேர்கோடுக்கான என் பதிலும் அதில்தான் இருக்கிறது.

கீழ்த்தளத்தில் ஒரே படியாகத் தொடங்கி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் சுவரோரமாக ஏறி மறுபடி சேர்கிறது. இதே மாதிரி மேலே மேலே போகிறது. சுவர் முழுக்கச் செஞ்சிவப்பு, அதில் தங்கப் பூவேலை. பின்சுவரில் மாடியளவு உயரக் கோதிக் (இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாணி) ஜன்னல்கள். உச்சியில் விதானம் நட்சத்திரங்களோடு நீலமாக இருக்கிறது, சுற்றிலும் நற்குணங்களைப் பெண் உருவங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். இதுவரை சொன்னதெல்லாம் நேர்கோடு சொல்லும் 13-ஆம் நூற்றாண்டு ஆடை.

ஆனால் படியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பறப்பது போல ஏறும் அந்தப் படிகளைத் தாங்குவது இரும்பு உத்தரங்கள். அவற்றைப் பூச்சால் மூடவில்லை, மரப்பலகை அடித்து மறைக்கவில்லை. துளைவேலை செய்த இரும்பு, அதன் தறையாணிகளோடு (ரிவெட்) அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. விருந்தினர் ஒவ்வொருவரும் தலைக்கு மேலே அதைப் பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும். 1873-இல், லண்டனின் விலை உயர்ந்த ஹோட்டலின் பிரதானப் படிக்கட்டில், தொழிற்சாலை இரும்பை வெளிப்படையாகக் காட்டியவரைப் பொறியியலை மறைத்தவர் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. பார்லோவின் கூரை அரைவட்டம் அல்ல, உச்சியில் லேசாகக் கூர்ந்திருக்கிறது. காற்றின் விசையைத் தாங்க அது நல்லது என்பது பார்லோவின் காரணம். ஸ்காட் போட்டியில் வெல்வதற்கு முன்பே முடிவான வடிவம் அது. கூர்வளைவு என்பதுதான் கோதிக்கின் அடிப்படையே. ஆக, பின்னால் கூர்வளைவு என்று ஏற்கெனவே முடிவான இடத்துக்கு முன்னால்தான் ஸ்காட் வரைய வந்தார்.


நேர்கோடு:

படிக்கட்டை ஏற்கிறேன். அந்த இரும்பு உத்தரம் என் கண்ணிலும் அருமையான வேலை, ஸ்காட் முகப்பிலும் அதைச் செய்திருக்கலாமே என்றுதான் ஏங்க வைக்கிறது. கூர்வளைவு விஷயத்தில் இன்னும் உடன்படவில்லை. காற்றுக்காகக் கூராக்கியது ஒரு பொறியாளரின் கணக்கு. அதைப் பார்த்து ஸ்காட் கோதிக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் எந்த மனை கொடுத்தாலும் கோதிக்கைத்தான் வரைந்திருப்பார். வெளியுறவு அலுவலகத்துக்கும் கோதிக்கைத்தான் வரைந்தார், பிரதமர் பாமர்ஸ்டன் பிடிவாதமாக மறுத்ததால் இத்தாலிய பாணிக்கு மாற்றினார். அந்த ஆதங்கம் செயின்ட் பாங்க்ரஸில் தீர்ந்திருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.


பழைய பக்கம்:

அந்த வெளியுறவு அலுவலக வரைபடத்தையே தூசு தட்டி இங்கே போட்டுவிட்டார் என்று ஒரு கதை பரவிக் கிடக்கிறது. அதை மட்டும் யாரும் நம்ப வேண்டாம். இரண்டு தள அமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. இது சாலையோடு வளையும், மேடான நடைமேடையோடு சேரும், வண்டிகள் நுழையவும் வெளியேறவும் தனித்தனி வளைவு வாயில் கேட்கும். இந்த மனைக்கென்றே வரைந்தால்தான் இப்படி வரும். தன் கட்டடம் அதன் பயன்பாட்டுக்கு மிஞ்சிய தரத்தில் அமைந்துவிட்டதோ என்று ஸ்காட்டே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். நேர்கோடும் செங்கல்நேசனும் இங்கே சண்டை போடுவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது.